வைவா முடிந்த பிறகு சறுக்கும் இடங்கள்

பேராதனையில் கலாநிதி ஆய்வேட்டுக்கான வாய்மொழிப் பரீட்சையான வைவா முடிந்து பரீட்சகர்கள் கைகுலுக்கியதும், ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ ரயில் ஏறி நிம்மதியாகத் தூங்கிவிடுகிறவர்கள் பலர். அந்த ரயிலிலேயே முடிக்கவேண்டிய வேலை ஒன்று உண்டு. அறையில் வாயால் சொன்ன ஒவ்வொரு திருத்தத்தையும் பக்க எண்ணோடு குறித்துவிடுங்கள். பிறகு வரும் அறிக்கையில் "மூன்றாம் அத்தியாயம் தெளிவாக்கப்பட வேண்டும்" என்ற ஒற்றை வரிதான் இருக்கக்கூடும். எந்த அட்டவணையைச் சொன்னார்கள் என்பது அதற்குள் மறந்துபோகும்.

"எல்லாம் திருத்தியாயிற்று" என்று வெறும் கடிதம் கொடுப்பதுதான் அதிக நாளைத் தின்னும் தவறு. முழு ஆய்வேட்டையும் மறுபடி வாசிக்கப் பரீட்சகருக்கு நேரமிருக்காது. நான்கு நிரலில் ஓர் அட்டவணை போடுங்கள்: அவர் கருத்து, செய்த மாற்றம், பழைய பக்கம், புதிய பக்கம். "மாதிரித் தெரிவு விளக்கம் போதாது, இரண்டு பந்திகள் சேர்க்கப்பட்டன, 84, 86" என்ற அளவு போதும். உடன்பட முடியாத கருத்தையும் விட்டுவிடாமல், மேற்பார்வையாளரோடு பேசிக் காரணத்தை எழுதுங்கள். கேட்காத அத்தியாயத்தைத் தொடவே வேண்டாம், புதிய வாதம் புதிய கேள்வியைக் கிளப்பும்.

தமிழ் ஆய்வேட்டில் பாமினி என்ற பழைய எழுத்துருவும் யுனிகோடும் கலந்திருந்தால், பாமினி இல்லாத அச்சகக் கணினியில் பந்தி பந்தியாக ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். பொருளடக்கத்தைப் புதுப்பித்து, எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் ஆகவே கொடுங்கள். திருத்தத்தை ஏற்றுக் கையெழுத்து விழும் முன் கெட்டி அட்டை போடாதீர்கள்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயன்களில் நேர்காணல் எடுத்தவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். நூலகப் பிரதியை யாரும் வாசிக்கலாம். பெயரை மாற்றியிருந்தாலும் தோட்டம், டிவிஷன், வயது, தொழில் நான்கும் ஒரே வரியில் நின்றால், அந்தக் கொழுந்து பறிக்கும் அம்மாவைக் கங்காணிக்கு அடையாளம் தெரிந்துவிடும். நம்மை நம்பிப் பேசியவர் அவர்.

பெயருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து என்பது மலையகத்தில் சாதாரணம். பட்டச் சான்றிதழ் அச்சாகும் முன்பே பல்கலைக்கழகப் பதிவாளர் கிளையில் விசாரித்து, தேவையென்றால் சத்தியக்கடதாசி முடித்துக்கொள்ளுங்கள். திருத்தக் காலத்தில் உங்கள் மாணவர் பதிவு காலாவதியாகிறதா என்பதையும் அங்கேயே கேளுங்கள்.

பல்கலைக்கழக மூதவை (செனட்) ஏற்கும்வரை பெயருக்கு முன் "கலாநிதி" வேண்டாம். வேலை விண்ணப்பத்துக்குப் பட்டமளிப்பு விழாவரை காத்திருக்கவும் வேண்டாம். பட்டம் செல்லுபடியாகும் திகதியைக் குறிப்பிட்ட கடிதத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.