ஐந்தில் மூன்று பங்கு: எதில் ஐந்து என்று முதலில் பாருங்கள்

3/5 என்பதைத் தமிழில் ‘ஐந்தில் மூன்று’ என்கிறோம். கணக்குப் போடும் வரிசையும் அதுதான்: முதலில் ஐந்தாகப் பிரி, பிறகு மூன்றை எடு. கீழே இருக்கும் பகுதியால் வகுத்து, மேலே இருக்கும் தொகுதியால் பெருக்க வேண்டும்.

வகுப்பில் 40 பேர், அவர்களில் 3/5 பங்கு பெண்கள். 40 ÷ 5 = 8, இது ஒரு பங்கு. 8 × 3 = 24 பெண்கள். பெருக்கிவிட்டு வகுத்தாலும் (120 ÷ 5) விடை மாறாது. ஆனால் தொடக்கத்தில் வகுப்பதே நல்லது, ஒரு பங்கு எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரியும். நீளமாக ஒரு கட்டம் வரைந்து ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 8 என்று எழுதச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் பெரும்பாலும் தடுமாறுவது ‘மீதியில்’ என்ற சொல்லில்தான். 120 தேங்காயில் 1/3 விற்றது, மீதியில் 1/4 அழுகியது, நல்ல தேங்காய் எத்தனை? விற்றது 40, மீதி 80. அந்த 80-இல் கால்வாசி 20 அழுகல், நல்லது 60. 120-க்கே கால் போட்டால் 30 வரும், விடை 50 என்று தவறிப்போகும். எனவே கேள்வியில் ‘இல்’ என்று முடியும் சொல்லுக்கு அடிக்கோடிட வேண்டும்: மொத்தத்திலா, மீதியிலா? முதல் பங்கைக் கழித்ததும் புதிதாக இன்னொரு கட்டம் வரைந்தால் இந்தக் குழப்பம் வராது.

மொத்தத்தையே கேட்கும் கணக்கு வேறு வகை. கூடையில் 2/5 பங்கு மாம்பழம் விற்றபின் 36 இருக்கிறது. முதலில் எத்தனை இருந்தன? அவசரத்தில் 36-ஐ 5-ஆல் வகுத்தால் 7.2 வரும். பழத்தை எண்ணும் கணக்கில் தசமம் வந்தாலே எங்கோ தப்பு நடந்திருக்கிறது. (அரிசி கிலோ என்றால் தசமம் வரலாம்.) 36 என்பது ஐந்து பங்கு அல்ல, விற்காத மூன்று பங்கு. 36 ÷ 3 = 12, 12 × 5 = 60.

விடையைக் கேள்விக்குள் போட்டுப் பாருங்கள்: 60-இல் 2/5 என்றால் 24; 60 − 24 = 36. சரி.