டேனிஷ் பண்ணை அருங்காட்சியகம் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோபன்ஹேகன் வருகிறவர்கள் கடற்கன்னி சிலை, டிவோலி, அரண்மனை எல்லாம் பார்த்து முடித்து, மிஞ்சிய ஒரு மதியத்தை லிங்பியில் இருக்கும் ஃப்ரிலாண்ட்ஸ்மியூசீட்டுக்கு ஒதுக்குகிறார்கள். முதல் தவறு அதுதான். பெர்ன்ஹார்ட் ஓல்சன் 1897-இல் நகருக்குள் தொடங்கி, 1901-இல் லிங்பிக்குக் கொண்டுபோன திறந்தவெளி அருங்காட்சியகம் இது. ஐம்பதுக்கும் மேற்பட்ட பண்ணை வீடுகள், குடிசைகள், ஆலைகளை அவை இருந்த ஊரிலேயே பிரித்தெடுத்து, இங்கே கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். மேய்ச்சல் நிலமும் தோட்டமும் சேர்ந்து ஏறக்குறைய 85 ஏக்கர். இரண்டு மணி நேரத்தில் நடக்கத்தான் முடியும், பார்க்க முடியாது. ஒரு முழு நாளை வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் எல்லாவற்றையும் பார்த்துவிட நினைக்க வேண்டாம். வீடுகள் பகுதிவாரியாக நிற்கின்றன. இரண்டு மூன்று பகுதிகளைத் தேர்ந்தெடுத்து நின்று பாருங்கள்.

நாள் பார்க்காமல் போவது இன்னொன்று. குளிர்காலத்தில் பெரும்பாலான நாட்கள் பூட்டியிருக்கும். வசந்தத்திலிருந்து அக்டோபர் வரைதான் காலம். அதிலும் திங்கட்கிழமை விடுமுறையா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். திறந்திருப்பது மட்டும் போதாது. அடுப்பு எரிவதும் கொல்லன் பட்டறையில் சத்தம் கேட்பதும் சில நாட்களில் மட்டும்தான். அந்த நாட்களின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்துப் போனால் வீடு வேறு மாதிரி இருக்கும். இந்த அருங்காட்சியகங்களின் உயிரே வேலைதான், சுவர்கள் அல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

பெயரைப் பார்த்து ஏமாறுகிறவர்களும் உண்டு. ஓஹுஸ் நகரில் 1914-இல் திறந்த டென் கம்லே பி அருமையான இடம், ஆனால் அது பழைய நகரம்: வணிகர் வீடு, கடைத்தெரு, பட்டறை. பண்ணை பார்க்க வேண்டுமானால் லிங்பி, ஓடென்ஸேயில் 1946-இல் திறந்த டென் ஃபின்ஸ்கே லான்ட்ஸ்பி, ஜட்லாந்தில் யெர்ல் ஹேடே, பார்ன்ஹோம் தீவில் மெல்ஸ்டெட்கோர் இவற்றில் ஒன்றுக்குப் போங்கள். ஹெர்னிங், ஹோல்ஸ்டெப்ரோ பக்கம் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு யெர்ல் ஹேடே கிட்டத்தில்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பா தோட்டம் செய்தவர்கள் என்றால் கட்டாயம் கூட்டிப் போங்கள். மண்வெட்டிப் பிடி எந்த நீளத்தில் இருக்கிறது, களம் எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று நம் கண்ணுக்குப் படாததெல்லாம் அவர்கள் கண்ணில் படும்.

இனி வீட்டுக்குள் போவோம். வாசல் நிலை தாழ்வு, தலை குனிய வேண்டும். உள்ளே இருட்டு. வெயிலிலிருந்து வந்த பலர் எட்டிப் பார்த்து, “ஒன்றுமில்லை” என்று திரும்பிவிடுகிறார்கள். இதைத்தான் பெரிய இழப்பு என்பேன். கண் பழகும்வரை நில்லுங்கள். ஜன்னல் ஓரமாக நீள மேசை, சுவரோடு ஒட்டிய பெஞ்சு, மரப் பலகைக்குள் அடைத்த படுக்கை எல்லாம் மெல்லத் தெரியவரும். மூலையில் இரும்புத் தகடுகளால் ஆன கணப்பு நிற்கும்; பைபிள் காட்சிகள் வார்ப்பிலேயே பதிந்திருக்கும். விறகு போடும் வாயைத் தேடுங்கள், அந்த அறையில் கிடைக்காது. சுவருக்கு அந்தப் பக்கம், அடுப்படியில் இருக்கிறது. நெருப்பும் புகையும் சாம்பலும் சமையல்காரியின் பக்கம், சூடு மட்டும் இந்தப் பக்கம். அடுப்படிக்குப் போய் அந்த வாயைப் பார்த்துவிட்டு மறுபடி அறைக்கு வாருங்கள். யார் எங்கே நாளைக் கழித்தார்கள் என்பது அப்போது புரியும். மேசை அருகே சுவரில் தோல் வார் இருந்தால் அதில் கரண்டிகள் செருகியிருக்கும். நடுவில் ஒரே பாத்திரத்தில் கஞ்சி, ஆளுக்கொரு கரண்டி. உண்டதும் நக்கித் துடைத்து வாரில் செருகிவிடுவார்கள்.

லிங்பியில் லேசோ தீவு வீட்டைத் தாண்டிப் போய்விடாதீர்கள். மற்ற வீடுகளில் வைக்கோலோ நாணலோ கூரையாக இருக்க, இதன் தலையில் மட்டும் முறுக்கிய கடற்புல் கனத்த போர்வையாகக் கிடக்கும். அந்தத் தீவில் நூற்றாண்டுக் கணக்கில் உப்பு காய்ச்சினார்கள். காய்ச்ச விறகு வேண்டும். காடு போனது, மணல் பறந்து வயலை மூடியது, கூரைக்கு வைக்கோல் தட்டுப்பாடானது. கரை ஒதுங்கிய கடற்புல்லை எடுத்துக் கூரை போட்டார்கள், உடைந்த கப்பல்களின் மரத்தை வீட்டுக்குச் சட்டமாக்கினார்கள். ஆண்கள் கடலுக்குப் போக, வயலையும் கூரையையும் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கூரையை நிமிர்ந்து பார்த்தால் ஒரு தீவின் கஷ்டம் முழுக்கத் தெரிகிறது.

இன்று சுவீடனில் இருக்கும் ஸ்கோனே, ஹாலண்ட் மாகாணங்களின் வீடுகளைப் பார்த்து “இது சுவீடன் ஆயிற்றே” என்று ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த மாகாணங்கள் முன்பு டென்மார்க் மண்; 1658 ரோஸ்கில்டே உடன்படிக்கையில்தான் நிரந்தரமாகச் சுவீடனுக்குப் போயின. டென்மார்க்கின் தெற்கு எல்லையை ஒட்டிய ஷ்லெஸ்விக்கும் 1864 போருக்குப் பிறகுதான் கைவிட்டுப் போனது. அதன் தென்பகுதியிலிருந்து வந்த வீட்டில் மனிதரும் மாடும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்திருக்கிறார்கள்.

எல்லாரும் படம் எடுப்பது நான்கு பக்கமும் கட்டடம் சூழ்ந்த பெரிய பண்ணைகளைத்தான். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஓரமாக இருக்கும் கூலிக் குடியானவரின் ஒற்றைக் குடிசைக்குள் போகாமல் வந்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். 1733-இல் வந்த சட்டம், 14 வயது முதல் 36 வயது வரை உள்ள கிராமத்து ஆண்களை அவர்கள் பிறந்த இடத்துப் பண்ணையாரின் நிலத்தோடு கட்டிப்போட்டது. பிறகு அந்த வயது வரம்பை 4 முதல் 40 என்று விரித்தார்கள். அது நீங்கத் தொடங்கியது 1788-இல். நிலச் சீர்திருத்தத்தில் பெரிய குடியானவர் பலர் நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆனார்கள். குடிசைவாசிகளுக்கு அவ்வளவு வாய்க்கவில்லை. இரண்டு வீடுகளின் மேசை, படுக்கை, கணப்பு மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள், அந்த வித்தியாசம் தெரியும்.

பழைய உடையில் நிற்பவர்களை நடிகர்கள் என்று எண்ணி, படம் மட்டும் எடுத்துக்கொண்டு நகர்வது வருத்தம் தரும் பழக்கம். பலர் தன்னார்வலர்கள், அந்த வேலையை மெனக்கெட்டுக் கற்றவர்கள். பெரும்பாலானவர்களிடம் ஆங்கிலத்தில் பேசலாம். “இதை எப்படிச் செய்கிறீர்கள்?” என்று கேட்டால் போதும், கம்பளி நூற்கும் ராட்டினத்தையோ வெண்ணெய் கடையும் மத்தையோ நம் கையில் கொடுத்துவிடுவார்கள். அதேசமயம் கேட்காமல் எதையும் தொடக் கூடாது. குழந்தைகளைப் படுக்கை அலமாரிக்குள் ஏற்றிப் படம் எடுக்கவும் வேண்டாம்.

மாடு, குதிரை, பன்றி, வாத்து எதற்கும் வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியைப் போடாதீர்கள். அங்கே பழைய டேனிஷ் இனங்களை அழியாமல் காப்பாற்றி வளர்க்கிறார்கள். வயிறு கெட்டால் பாதிப்பு பெரிது. தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று. அடுப்பில் சமைத்து ருசி பார்க்கக் கொடுப்பதில் பன்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கலாம், பார்க்கத் தெரியாது. கேட்டு வாங்குங்கள். கட்டுச்சோறு கொண்டுபோனால் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடலாம். பாதை கல்லும் மண்ணும் என்பதால் செருப்பு வேண்டாம், ஷூ நல்லது. ஜூலை மாதமானாலும் மழைச் சட்டை பையில் இருக்கட்டும்.

லிங்பிக்கு சோர்கன்ஃப்ரி ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே வந்துவிடலாம். திரும்பும்போது அவ்வளவு தூரமும் மறுபடி நடக்க வேண்டாம். வடக்கு வாசல் திறந்திருக்கிறதா என்று காலையிலேயே கேட்டுக்கொண்டு அந்த வழியாக வெளியேறினால், பக்கத்தில் பிரேடே நிலையம், அங்கிருந்து சிறு ரயில் யேகர்ஸ்போர் நிலையத்துக்குக் கொண்டுபோய்விடும்.