சினை ஊசிக்கு முன் காளையின் இனவிருத்தி மதிப்பைப் படிப்பது எப்படி?

மாதவரம், புழல், செங்குன்றம் பக்கம் இரண்டு மூன்று கலப்பின ஜெர்சி மாடுகளை வைத்துப் பால் ஊற்றுகிற வீடுகளில், மாடு பருவத்துக்கு வந்ததும் ஊசி போடுபவரை உடனே அழைக்கிறார்கள். ஆனால் எந்தக் காளையின் விந்து என்று கேட்பவர்கள் குறைவு. பிறக்கப்போகும் கிடேரியின் மரபில் சரிபாதி அந்தக் காளையிடமிருந்து வருவதால், அந்தக் கேள்வியைக் கேட்கவும் பதிலைப் புரிந்துகொள்ளவும் பழகுவது அவசியம்.

காளை பால் கறப்பதில்லை. ஆகவே அதைப் பார்த்து மகளின் பாலைச் சொல்லிவிட முடியாது. ஜப்பானின் வாக்யு மாடுகளை வளர்ப்பவர்களுக்கும் இதே சிக்கல்தான். அவர்கள் தேடுவது இறைச்சிக்குள் இழை இழையாகப் பரவிய கொழுப்பு. அதை 1 முதல் 12 வரை தரப்படுத்துகிறார்கள் என்றாலும், மாட்டை அறுத்த பிறகே அந்தத் தரத்தை நேரில் மதிப்பிட முடியும். இப்படி நேரில் அளக்க முடியாத திறனை, உறவினங்களின் பதிவுகளிலிருந்து கணித்துச் சொல்லும் எண்ணே இனவிருத்தி மதிப்பு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் ஹெண்டர்சன் வகுத்த புள்ளியியல் முறையே இன்றும் இந்தக் கணக்குக்கு அடித்தளமாக இருக்கிறது.

முதற்படி: உங்கள் மாட்டை அளப்பது

மாதம் ஒரு நாள், காலைப் பாலையும் மாலைப் பாலையும் எடைபோட்டு, காதில் உள்ள 12 இலக்க வில்லை எண்ணுடன் நோட்டில் எழுதுங்கள். கன்று ஈன்ற நாளிலிருந்து 305 நாள்களுக்கான மொத்தப் பாலே ஒப்பீட்டுக்கு உரியது. ஒரே தீவனம் தின்னும், ஒரே ஈற்றில் இருக்கும் மாடுகளோடுதான் ஒப்பிட வேண்டும். பசும்புல் தாராளமாகக் கிடைக்கும் மாட்டையும் காய்ந்த வைக்கோலை மட்டும் தின்னும் மாட்டையும் ஒப்பிட்டால் தெரிவது தீவனத்தின் வேறுபாடே தவிர மரபின் வேறுபாடு அன்று.

இரண்டாம் படி: மாட்டின் மதிப்பைக் கணிப்பது

பால் அளவில் மாட்டுக்கு மாடு தெரியும் வேறுபாட்டில் ஏறத்தாழ 30 விழுக்காடு மட்டுமே மரபால் வருவது. சக மாடுகளின் சராசரி 2,000 கிலோ, உங்கள் மாடு 2,400 கிலோ என்று வைத்துக்கொண்டால், மிகுதியான 400 கிலோவில் 30 விழுக்காடு, அதாவது 120 கிலோவே அதன் மதிப்பீடு. சினைபிடிக்கும் திறனில் மரபின் பங்கு 10 விழுக்காட்டுக்கும் கீழ் என்பதால், அதற்குக் காளையைவிடப் பராமரிப்பையே நம்ப வேண்டும்.

மூன்றாம் படி: காளையின் எண்ணையும் துல்லியத்தையும் சேர்த்துப் படிப்பது

காளையின் மதிப்பு 500 கிலோ என்றும், இரு மதிப்புகளும் ஒரே அடிப்படையில் கணக்கிடப்பட்டவை என்றும் கொள்வோம். 120ஐயும் 500ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் 310. கிடேரியிடம் எதிர்பார்க்கக்கூடிய மதிப்பு அதுவே. இது சராசரி மட்டும்தான். மாட்டின் 30 இணைக் குரோமோசோம்களில் ஒவ்வோர் இணையிலிருந்தும் ஒன்றே கன்றுக்குப் போகிறது. எது போகும் என்பது தற்செயல் என்பதால், உடன்பிறந்த கிடேரிகளும் ஒன்றுபோல் கறப்பதில்லை. வெவ்வேறு நாட்டினர் தங்கள் தங்கள் மாடுகளை வைத்துக் கணக்கிட்ட எண்களை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடவும் கூடாது.

தொடக்கநிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது துல்லியத்தை, அதாவது கணித்த மதிப்பு உண்மையான மதிப்புக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கும் என்பதை. மேற்சொன்ன 30 விழுக்காட்டுக் கணக்கின்படி, 10 மகள்களின் பாலை மட்டும் வைத்து மதிப்பிட்ட காளையின் துல்லியம் ஏறத்தாழ 67 விழுக்காடு. 100 மகள்கள் என்றால் அது 94ஐ எட்டுகிறது. 700 கிலோ மதிப்பும் குறைந்த துல்லியமும் கொண்ட இளங்காளையைவிட, 500 கிலோ மதிப்பும் உயர்ந்த துல்லியமும் கொண்ட காளையே, ஒரே ஒரு மாடு வைத்திருப்பவருக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. பெரிய பண்ணைக்காரர் பல இளங்காளைகளின் விந்தை வெவ்வேறு மாடுகளுக்குப் பயன்படுத்தி இந்த இடரைப் பகிர்ந்துகொள்ளலாம். உங்களுக்கு அந்த வசதி இல்லை. இளங்காளையின் மரபணுவையே சோதித்து மதிப்பிடும் முறை வந்தபின் துல்லியம் கூடியிருக்கிறது. நம் மாடுகளுக்கென உருவாக்கப்பட்ட ‘கௌ சிப்’ என்ற மரபணுச் சோதனைச் சில்லு 2024இல் வெளியானது.

நான்காம் படி: உறவைச் சரிபார்ப்பது

இன்றுள்ள ஜப்பானியக் கறுப்பு வாக்யு இனத் தாய்ப்பசுக்களில் 99.9 விழுக்காடு, 1939இல் ஹியோகோ மாநிலத்தில் பிறந்த தாஜிரி என்ற ஒரே காளையின் வழிவந்தவை. சிறந்த காளையை எல்லோரும் நாடினால் மந்தை முழுதும் உறவாகிவிடும் என்பதால், அங்கே இணை சேர்க்குமுன் வம்சாவளியைப் பார்க்கிறார்கள். நம் தெருவிலும் இது நடக்கக்கூடும்: தாய்க்குப் போட்ட அதே காளையின் விந்தை மகளுக்கும் போட்டால், பிறக்கும் கன்றின் உள்ளினக்கலப்பு (நெருங்கிய உறவுக்குள் இணைவதன் அளவு) 25 விழுக்காடாகும், பாலும் சினைபிடிப்பும் குறையலாம், மறைந்திருக்கும் மரபுக் குறைகளும் வெளிப்படலாம். ஒவ்வோர் உறைவிந்துக் குச்சியிலும் காளையின் எண் அச்சிடப்பட்டிருக்கும். ஊசி போட்ட பிறகு குச்சியை வாங்கி அந்த எண்ணையும் தேதியையும் நோட்டில் தாயின் பக்கத்தில் எழுதி வையுங்கள். கிடேரிக்கு முதன்முறை ஊசி போடும் நாளில், விந்தை உருக்குமுன் நோட்டில் உள்ள எண்ணையும் புதிய குச்சியின் எண்ணையும் ஒப்பிட்டுவிடச் சொல்லுங்கள்.