பத்திரிகைக்குப் படம் வரைபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் நாளிதழுக்கும் வார இணைப்புகளுக்கும் சுயதொழிலாகப் படம் வரைபவர்களுக்குப் பெரும்பாலும் பிற்பகலில்தான் வேலை சூடுபிடிக்கும். கதையோ கட்டுரையோ வாட்ஸ்அப்பில் வந்து விழும். மாலைக்குள் படம் வேண்டும் என்பார்கள். நேரம் குறைவு என்றதும் கை நேராகப் பென்சிலுக்குப் போய்விடுகிறது. புதிதாக வருகிறவர்கள் படும் பாட்டில் பாதிக்குமேல் அங்கேதான் தொடங்குகிறது. கோடு சரியில்லை என்று திரும்பி வரும் படங்கள் குறைவு. கேட்க வேண்டியதைக் கேட்காமல் வரைந்ததால் திரும்பி வருபவைதான் அதிகம்.

அகலம் எத்தனை சென்டிமீட்டர், உயரம் எவ்வளவு, வண்ணப் பக்கமா கறுப்பு வெள்ளையா, பக்கத்தை எத்தனை மணிக்கு மூடுகிறார்கள் என்பதெல்லாம் முதல் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்க வேண்டியவை. "அக்கா, தலைப்பு படத்துக்கு மேலேயா, உள்ளேயா?" என்று ஒரு வரி அனுப்பினால் துணையாசிரியர் உடனே பதில் போட்டுவிடுவார். அதைக் கேட்காமல் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையை அகலவாக்கில் அழகாக வரைந்து அனுப்பினால், இடம் நீளவாக்கில் இருக்கும். பக்கம் வடிவமைப்பவர் வெட்டத்தான் செய்வார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. முழுப் படத்தில் இறங்குமுன் ஒரு ரஃப் அனுப்பிவிடுங்கள். பத்து நிமிடக் கிறுக்கல் போதும்.

கதையைப் பாதி படித்துவிட்டு வரைவது அடுத்த தவறு. எழுத்தாளர்களை இதைப்போல வருத்தும் தவறு வேறில்லை. கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன மகன் கடைசி வரியில் வந்து கதவைத் தட்டுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவருகே மகனை வரைந்தால், வாசகர் முதல் வரியைப் படிக்கும் முன்பே முடிவைச் சொல்லிவிட்டீர்கள். பாட்டி மூக்குத்தியைக் கழற்றிப் பல வருடமாயிற்று என்று நடுவில் ஒரு வாக்கியம் இருக்கும், படத்திலோ மூக்குத்தி மின்னும். எழுத்தாளர் அந்த மூக்குத்தியை நினைத்து ஒரு வாரம் உறங்கியிருக்க மாட்டார்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இடம். உட்லண்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் நடக்கும் கதைக்குத் திண்ணை வைத்த ஓட்டு வீடு வரைகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தமிழ்ப் பத்திரிகை ஓவியம் என்றாலே நம் மனத்தில் கோபுலுவும் மணியமும் சில்பியும் நிற்கிறார்கள், அது இயல்புதான். அவர்களிடமிருந்து கோட்டைக் கற்றுக்கொள்ளலாம். வீட்டையும் அங்கிருந்தே கொண்டுவந்துவிட்டால் கதை இந்த ஊரை விட்டுப் போய்விடும். ஓர் அடுக்குமாடி புளோக்கின் நடைபாதையில் மெதுவாக நடந்து பாருங்கள். இரும்புக் கேட், அதன் பின்னால் மரக்கதவு, நிலைக்கு மேலே காய்ந்த மாவிலைத் தோரணம், வாசலில் காலணி அடுக்கு, பக்கத்துச் சீனர் வீட்டு வாசலில் ஊதுபத்தி செருகிய சிவப்புக் கிண்ணம். பழைய புளோக்குகளில் சமையலறைச் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் துணி காயும். இந்தத் தோரணத்தையும் அந்தக் கிண்ணத்தையும் ஒரே சட்டத்தில் வரைந்தால் போதும், இது எந்த ஊர் என்று படத்தில் எழுத வேண்டிய அவசியமே இல்லை.

விழாக்காலப் படங்களில் இதைவிடக் கவனம் வேண்டும். தைப்பூசக் காவடிகள் சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்பட்டு டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலுக்குப் போகும். பார்க்க அழகாக இருக்கிறது என்று பின்னணியில் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் கோபுரத்தை வைத்தால், காவடி எடுத்தவர்கள் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். பழைய காலத்துக் கதை என்றால் ஆண்டைப் பாருங்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல்தான் தொடங்கியது. 1950இல் நடக்கும் கதையில் கழக வீடு வர முடியாது. கம்பத்து வீடோ, கடைவீட்டு மாடியோ, தியோங் பாருவில் இன்றும் நிற்கும் பழைய அடுக்குமாடிகளோ வரலாம். தேசிய நூலக வாரியத்தின் இணையக் காப்பகத்தில் பழைய தமிழ் முரசு இதழ்களைப் பார்க்கலாம். செய்திகளைவிட விளம்பரங்களைக் கவனியுங்கள். சட்டைக் காலர், சேலைக்கட்டு, மிதிவண்டியின் கைப்பிடி எல்லாம் அதில்தான் கிடைக்கும்.

வழக்குச் செய்திகளுக்கு வரைவது தனி விஷயம், இதில் தவறினால் மன்னிப்புக் கேட்டு முடியாது. நீதிமன்ற வழக்கில் தொடர்புள்ள சிறுவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது சிறுவர், இளையர் சட்டம். பெயரும் முகமும் இல்லையே என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். ஆனால் இங்கே பள்ளிச் சீருடை பள்ளிக்குப் பள்ளி மாறும். பாவாடையின் நிறமும் கழுத்துப்பட்டையும் போதும், எந்தப் பள்ளி என்று தெரிந்துவிடும். பின்னணியில் புளோக் எண்ணையும் எழுதிவிட்டால் சொல்லவே வேண்டாம். சீருடையைக் கற்பனையாக வையுங்கள், எண்களை எடுத்துவிடுங்கள். வழக்கே இல்லாத பகடிவதைக் கட்டுரைக்கும் ஓர் உண்மையான பள்ளியின் சீருடையை வரைவது அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

இனி அச்சு. நாளிதழ்த் தாள் மையைக் குடிக்கும். திரையில் 50 விழுக்காடாக இருக்கும் சாம்பல், தாளில் ஏறக்குறைய 75 விழுக்காடாகத் தெரியும். இதில் முதலில் பலியாவது நம் முகங்களின் மாநிறம். திரையில் உயிரோடிருந்த அம்மாவின் முகம் காலையில் பேப்பரில் சேறாகிக் கிடக்கும், கண்ணும் இமையும் ஒன்றாகிவிடும். கன்னத்து நிழலுக்குக் கறுப்பைச் சேர்ப்பதுதான் காரணம். கறுப்பைக் குறைத்து, மஞ்சளையும் மெஜந்தாவையும் வைத்தே நிழலைக் கட்டுங்கள். முகத்தைத் திரையில் உங்களுக்குப் பிடித்ததைவிட ஒரு படி வெளிச்சமாக வையுங்கள். சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளும் ஓரிடத்தில் சேரும்போது, அவற்றின் விழுக்காடுகளைக் கூட்டினால் மொத்தம் 240 விழுக்காட்டைத் தாண்டாமல் இருப்பது நாளிதழ் அச்சில் பொதுவான வரம்பு. மெல்லிய கோடுகளைக் கறுப்பு மையில் மட்டும் போடுங்கள். நான்கு மையும் கலந்த கறுப்பில் போட்டால், அச்சுத் தகடுகள் ஒரு நூல் விலகினாலும் கோட்டுக்குப் பக்கத்தில் நீலமும் சிவப்பும் நிழலாடும். அச்சாகும் அளவில் வண்ணப் படத்துக்கு 200 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) போதும். வெறும் கோட்டோவியத்துக்கு 600க்குக் குறையாமல் வேண்டும்.

படத்துக்குள் தமிழ் எழுத்து வந்தால் நின்று பாருங்கள். கடைப் பலகையில் 'கொத்து பரோட்டா' என்று தட்டச்சு செய்திருப்பீர்கள். மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான எழுத்துக்கோப்பு அமைப்பைத் தேர்ந்தெடுக்கவில்லை என்றால், ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். தமிழ் படிக்கத் தெரியாதவர் கையில் அந்தக் கோப்பு கடைசியாகப் போனால் அப்படியே அச்சேறிவிடும். பலகை எழுத்தைக் கையாலேயே எழுதிவிடுவது நல்லது, படத்துக்கும் அழகு. வசனம் இருந்தால் அதைத் தனி அடுக்கில் வைத்து அனுப்புங்கள், ஆசிரியர் கடைசி நிமிடத்தில் சந்தியைத் திருத்துவார்.

உரிமை விஷயத்தில் பலர் வாய் திறப்பதே இல்லை. 2021 நவம்பர் 21இல் நடப்புக்கு வந்த காப்புரிமைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை, சுயதொழிலாக வரைந்த படத்தின் முதல் உரிமை வரைந்தவருக்கே. முன்பு ஒருவர் காசு கொடுத்து வரையச் சொன்ன உருவப்படத்தின் உரிமை வரையச் சொன்னவருக்குப் போய்க்கொண்டிருந்தது, அதுவும் அன்றோடு மாறியது. படத்தைப் பொதுவில் பயன்படுத்தும்போது வரைந்தவரை அடையாளம் காட்ட வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் வந்தது. எனவே கையெழுத்துப் போடும் தாளில் 'எல்லா உரிமைகளும்' என்று இருக்கிறதா என்று படியுங்கள். ஒரு நாள் அச்சுக்கு வாங்கிய படம் நாளை புத்தக அட்டையிலும் துணிப்பையிலும் வரலாமா என்பதை அந்த ஒரு வரிதான் முடிவு செய்கிறது. உங்கள் உரிமையை மதிக்கச் சொல்லும்போது மற்றவர் உரிமையும் இருக்கிறது. இணையத்தில் கிடைத்த புகைப்படத்தின் மேல் கோடிழுத்து வரைந்தால், அந்தப் புகைப்படக்காரர் கேள்வி கேட்பார். புளோக்கின் கீழே உள்ள வெற்றுத்தளத்தில் உட்கார்ந்து நீங்களே எடுத்த படங்களைச் சேர்த்து வையுங்கள்.

காசைப் பற்றிப் பேசக் கூச்சப்படக் கூடாது. எத்தனை முறை திருத்தம், பெரிய செய்தி வந்து பக்கமே மாறிவிட்டால் வரைந்து முடித்த படத்துக்கு எவ்வளவு தருவார்கள், பணம் எத்தனை நாளில் வரும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும், மின்னஞ்சலில் இருந்தாலும் போதும். படம் வெளியான அன்றே விலைப்பட்டியல் (இன்வாய்ஸ்) அனுப்புங்கள். வெளியான தேதி, பக்கம், கட்டுரைத் தலைப்பு மூன்றும் அதில் வேண்டும். இவை இல்லாத பட்டியல் கணக்குப் பிரிவில் தூங்கும். எவ்வளவு கேட்டும் பணம் வரவில்லை என்றால், 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குச் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் இருக்கிறது, வழக்கறிஞர் வேண்டியதில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.

ஊரிலிருந்து வந்து இங்கே வேறு வேலை பார்க்கிற தம்பி தங்கைகள் ஓய்வு நேரத்தில் வரைந்து தரட்டுமா என்று கேட்பதுண்டு. எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் என்ற வேலை அனுமதி வைத்திருப்பவர்கள் அதில் உள்ள முதலாளிக்கு மட்டுமே வேலை செய்யலாம். சிறிய தொகைதானே என்று நினைத்து இறங்கிவிடாதீர்கள், பறிபோவது உங்கள் வேலை அனுமதி.

குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மறப்பது மசே நிதியை, அதாவது மத்திய சேம நிதியை. சுயதொழிலில் முதலாளியின் பங்கு என்று எதுவும் வராது. ஆண்டின் நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் அந்த நிதியின் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவுக்கு நீங்களே கட்ட வேண்டும். வரிக் கணக்கு ஏப்ரல் 18க்குள். தாள், மை, மென்பொருள் சந்தா என்று தொழிலுக்காகவே செலவழித்ததற்கான ரசீதுகளை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். மெடிசேவ் தொகை ஒரேயடியாகக் கட்டப் பெரிதாக இருந்தால் மாதத் தவணையாகக் கட்டவும் வழி இருக்கிறது.