சாம்பியாவில் செம்புக் கேபிள் ஆலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காப்பர்பெல்ட் மாகாணத்தில் ஆலை அமைக்கப் புதிதாக வருகிறவர்களின் திட்ட அறிக்கைகளில், முன்பு வந்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்ட அதே கணக்குகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. உரிமம், கூலி போன்றவற்றில் நேரும் பிழைகளை எவரும் திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

சுரங்கம் அருகில் இருப்பதால் செம்பு மலிவு என்று நம்புவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். கிட்வேயில் ஓர் இளம் குழுவினர் காட்டிய அறிக்கையில், மூலப்பொருளின் விலையாகச் சுரங்கத்தின் உற்பத்திச் செலவையே எழுதியிருந்தார்கள். அந்த விலைக்குத் தருவதாக எந்தச் சுரங்கமாவது கடிதம் கொடுத்திருக்கிறதா என்று கேட்டேன், இல்லை. சிங்கோலாவில் இரும்புப் பட்டையால் கட்டி லாரியில் ஏற்றப்படும் கேத்தோடு தகடுகள் (மின்பகுப்பு முறையில் தூய்மையாக்கிய செம்புத் தகடுகள்) தான்சானியாவின் தாருஸ்ஸலாம் துறைமுகத்துக்குப் போனாலும், ஐம்பது கிலோமீட்டர் தள்ளி கிட்வேக்கு வந்தாலும், லண்டன் உலோகச் சந்தை விலைதான் அவற்றுக்கு அடிப்படை. 2024இல் அந்த விலை சராசரியாக டன்னுக்கு 9,000 டாலரைத் தாண்டியது. அருகில் இருப்பதால் மிஞ்சக்கூடியது துறைமுகம் வரையிலான லாரி வாடகையில் ஒரு பங்கு மட்டுமே. அதையும் பேரம் பேசித்தான் பெற வேண்டும். 30 டன் வாங்கினாலே 2,70,000 டாலர் முடங்கிவிடும். விற்ற கேபிளுக்குப் பணம் வந்துசேரும் வரை ஏறும் வட்டி, கம்பி இழுப்பதில் கிடைக்கும் சொற்ப லாபத்தைத் தின்றுவிடும். கேபிளின் உறைக்கான பிவிசி பிளாஸ்டிக்கோ கடல் கடந்து வந்து, அதே நீண்ட சாலையில் எதிர்த்திசையில் வாடகை கொடுத்து ஏறி வர வேண்டும்.

ஒரே துறைமுகத்தை நம்புவது

வேண்டாம்.

மின்வெட்டைச் சில்லறைச் செலவாக எழுதுவது

நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி நீர்மின்சாரம். 2024 வறட்சியில் கரீபா நீர்த்தேக்கம் வற்றியபோது நாடே பல மணி நேரம் இருளில் கிடந்தது. கம்பி இழுக்கத் தகடுகளை முதலில் உருக்க வேண்டும்; செம்பு 1,085 பாகை செல்சியஸில் உருகுகிறது. மின்தூண்டல் உலையின் குறுகிய கால்வாயில் அது உறைந்துவிட்டால் உலையின் உள்பூச்சு விரிசல் விட்டு, அந்தப் பாகத்தையே மாற்ற நேரிடும். ஆலை முழுவதையும் இயக்க இயலாவிட்டாலும், உலையின் சூட்டைக் காக்கும் அளவுக்காவது ஜெனரேட்டரை முதல் நாளிலேயே வாங்கிவிடுங்கள்.

வாங்குபவரைக் கடைசியில் தேடுவது

பக்கத்துச் சுரங்கங்களே கேபிளுக்குப் பெரிய வாடிக்கையாளர்கள். அவர்களுடைய கொள்முதல் பிரிவு எந்தத் தரச்சான்றைக் கேட்கிறது என்பதை, இயந்திரத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.