கொடைக்கானலில் மனநோய்க்கு மருந்து எடுப்பவரை நடக்க வைக்க

மனச்சிதைவுக்கோ (ஸ்கிசோஃப்ரினியா) இருமுனையக் கோளாறுக்கோ (பைபோலார்) மருந்து சாப்பிடுகிறவரைக் காலை ஆறு மணிக்கு எழுப்பி, ‘வாக்கிங் போ’ என்று விரட்டினால் நடக்காது. ஓலான்சபின், குளோசபின் போன்ற மனநோய் மருந்துகளை இரவில் போட்டால் காலையில் மந்தம் தெளிய நேரமாகும். அது சோம்பல் இல்லை. போதாததற்கு அந்நேரம் இங்கே மூடுபனி, காட்டுமாடு வேறு. பத்து மணிக்கு மேல் கிளம்புங்கள்.

‘போ’ என்பதைவிட ‘வா, கடைக்குப் போய் பால் வாங்கிட்டு வருவோம்’ என்பது எடுபடும். கூடவே ஒருவர் நடக்க வேண்டும். முதல் வாரம் பத்தே நிமிடம், ஏற்றமில்லாத பாதையில். ஏரியைச் சுற்றினால் சுமார் 5 கி.மீ.; பாதியில் களைத்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் தூரம்தான். அதனால் 5 நிமிடம் போய் அதே வழியில் திரும்புங்கள். வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி, அரை மணி நேரம் வந்தால் போதும். கூட்டம் கண்டு பதறுபவர் என்றால் சீசனில் ஏரிப் பக்கமே வேண்டாம்.

இருமுனையக் கோளாறுக்குத் தரும் லித்தியம் மருந்தை எடுப்பவருக்குத் தண்ணீர் பாட்டில் அவசியம். குளிரில் தாகம் தெரியாது. உடலில் நீர் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். கை நடுங்கி, நடை தள்ளாடினால் உடனே ஆஸ்பத்திரி. மனச்சிதைவுக்குத் தரும் குளோர்புரோமசின் மருந்தை எடுப்பவருக்கு மலை வெயில் தோலைச் சுட்டுவிடும். தொப்பி, முழுக்கைச் சட்டை.

உட்கார முடியாமல் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள்.