அமெரிக்க வகுப்பறையில் முதல்முறை டிஏ-வாக நிற்கப் போகிறவர்களுக்கு

பிஎச்.டி. சேர்ந்து அமெரிக்காவில் இறங்கி இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. அதற்குள் கையில் டிஏ (டீச்சிங் அசிஸ்டன்ட், பேராசிரியருக்கு உதவியாகப் பாடம் நடத்துபவர்) நியமனக் கடிதம். இளங்கலை மாணவர்கள் இருபது, இருபத்தைந்து பேர் முன்னால் ஆங்கிலத்தில் டிஸ்கஷன் வகுப்போ லேபோ நடத்த வேண்டும். எனக்கும் அப்படித்தான் ஆயிற்று, பயந்துபோனேன். அப்போது யாராவது வரிசையாகச் சொல்லித் தந்திருக்கலாமே என்று ஏங்கியதை இங்கே எழுதுகிறேன்.

படி 1: விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

பாடம் நடத்தும் முன் பேச்சு ஆங்கிலத் தேர்வு எழுதச் சொல்லும் பல்கலைக்கழகங்கள் நிறைய. பென்சில்வேனியா மாநிலத்தில் கல்லூரி ஆசிரியர்களின் ஆங்கிலச் சரளத்துக்காக 1990-இல் தனிச் சட்டமே வந்தது. உங்கள் துறை அலுவலகத்தில் கேளுங்கள். பயிற்சி வகுப்பு இருந்தால், கட்டாயம் இல்லாவிட்டாலும் சேர்ந்துவிடுங்கள். எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் செமஸ்டர் நடக்கும்போது வளாக வேலை வாரம் 20 மணி நேரம்தான். விடைத்தாள் திருத்துவதும் அதில் அடங்கும்.

படி 2: கணக்கு, பாடச் சொற்களை மாற்றிக்கொள்ளுங்கள்

என்னைக் கேட்டால் இதற்குத்தான் முதல் வாரம் முழுவதையும் கொடுக்கலாம். நாம் பள்ளியில் படித்த ஆங்கிலமும் அவர்கள் படித்ததும் சில இடங்களில் நேர் எதிர். என் முதல் வகுப்பில் பலகையைக் காட்டி "டூ இன்டு த்ரீ" என்றேன். நமக்கு அது பெருக்கல், விடை 6. அவர்களுக்கோ "டூ இன்டு த்ரீ" என்றால் 3-ஐ 2-ஆல் வகுப்பது. நான் 6 என்று எழுதினேன், அவர்கள் மனத்தில் 1.5 ஓடிக்கொண்டிருந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. வகுப்பு முடிந்த பிறகு ஒரு மாணவி வந்து மெதுவாகக் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது.

பெருக்கலுக்கு "டைம்ஸ்" என்று சொல்லுங்கள். "ஏ பை பி" என்பதை "ஏ ஓவர் பி" ஆக்குங்கள். "இசட்" அங்கே "ஸீ". வளைந்த அடைப்புக்குறி "பெரன்தசிஸ்". மார்க் என்பதற்கு "பாயின்ட்ஸ்". தேர்வுக்கு முன் மறுபடி படிப்பது "ரிவ்யூ". "ரிவைஸ்" என்றால் எழுதியதைத் திருத்தி எழுதச் சொல்கிறீர்கள் என்று நினைப்பார்கள். "எனி டவுட்ஸ்?" என்றும் கேட்காதீர்கள். அவர்கள் காதில் டவுட் என்றால் நம்பிக்கையின்மை. "க்வெஸ்சன்ஸ்" போதும்.

தலையாட்டலும் ஒரு மொழிதான். நாம் பக்கவாட்டில் ஆட்டி "சரி" என்போம். அது ஆமாவா இல்லையா என்று அவர்களுக்குப் புரியாது. வாயால் "யெஸ், தட்ஸ் ரைட்" என்று சொல்லிவிடுங்கள்.

படி 3: அழுத்தம் பழகுங்கள், அக்சென்ட்டை விடுங்கள்

அமெரிக்கர் மாதிரி பேச முயல வேண்டாம். அது தேவையும் இல்லை. தமிழில் அசைகளை ஏறக்குறைய சம எடையில் சொல்கிறோம். ஆங்கிலம் கேட்பவரோ அழுத்தி நீட்டிய அசையைப் பிடித்துத்தான் சொல்லை அடையாளம் காண்கிறார். அழுத்தம் இடம் மாறினால், எழுத்தெல்லாம் சரியாக ஒலித்தாலும் சொல் நழுவிவிடும்.

நாளைய பாடத்தின் முக்கியச் சொற்கள் பதினைந்தை எழுதுங்கள். மெரியம்-வெப்ஸ்டர் இணைய அகராதியில் ஒவ்வொன்றின் ஒலியையும் கேளுங்கள். அழுத்தும் அசைக்குக் கீழே கோடு போடுங்கள். "அனாலிசிஸ்"-இல் "னா", "அனலிட்டிகல்"-இல் "லி", "பராமீட்டர்"-இல் "ரா", "ஈக்விலிப்ரியம்"-இல் "லி". அந்த அசையைச் சற்று நீட்டி, குரலை உயர்த்திச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது நிறுத்தம். பதற்றத்தில் நாம் ரயில் வேகத்தில் பேசுவோம். நான்கைந்து சொல்லுக்கு ஒருமுறை, பொருள் முடியும் இடத்தில் நிறுத்துங்கள். பலகையில் எழுதும்போது பேசாதீர்கள். எழுதிவிட்டுத் திரும்பி, முகம் பார்த்துப் பேசுங்கள்.

படி 4: நண்பர்கள் முன் ஒத்திகை

ஸ்டான்ஃபோர்டில் 1960-களில் உருவான மைக்ரோடீச்சிங் முறை இதற்கு நன்றாக உதவும். ஒரே ஒரு கருத்தை ஐந்து முதல் பத்து நிமிடம் நடத்துங்கள். போனில் பதிவுசெய்து, பார்த்து, அதையே மறுபடி நடத்துங்கள். கேட்பவர்களில் ஒருவராவது வேறு துறைக்காரராக இருக்கட்டும். உங்கள் துறை நண்பர் புரியாததையும் ஊகித்துக்கொள்வார்.

படி 5: கேள்வி கேட்பதும் வாங்குவதும்

"புரிந்ததா?" என்றால் எல்லோரும் தலையசைப்பார்கள். "அடுத்த வரி என்ன எழுதலாம்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு மனத்துக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று விநாடி காத்தாலே மாணவர்களின் விடைகள் நீள்கின்றன என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ தன் ஆய்வுகளில் காட்டினார்.

அவர்கள் கேட்பது உங்களுக்குப் பிடிபடாவிட்டால் வெறுமனே "சாரி?" என்று திரும்பத் திரும்பக் கேட்க வேண்டாம். புரிந்த அளவைச் சொல்லி உறுதிசெய்யுங்கள்: "ஆர் யூ ஆஸ்கிங் வை வி டிவைட் பை என் மைனஸ் ஒன்?" விடை தெரியாவிட்டால் அடுத்த வகுப்பில் சொல்வதாகச் சொல்லி, மறக்காமல் சொல்லுங்கள்.

ஒரு மாணவரின் மதிப்பெண்ணை இன்னொருவர் முன்னால் பேசக்கூடாது. அவர் அனுமதி இல்லாமல் பெற்றோரிடம்கூடச் சொல்லாதீர்கள். மாணவர்களின் கல்விப் பதிவுகளை ரகசியமாகக் காக்கும் 1974-இன் ஃபெர்பா சட்டம் இருக்கிறது. அப்படி யாராவது கேட்டால் பேராசிரியரிடம் அனுப்பிவிடுங்கள்.

படி 6: முதல் நாளும் நான்காவது வாரமும்

அமெரிக்க ஆய்வாளர் டொனால்ட் ரூபின் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஆங்கிலப் பதிவை மாணவர்கள் கேட்டார்கள். சிலருக்கு வெள்ளைக்காரப் பெண்ணின் படம், சிலருக்கு ஆசியப் பெண்ணின் படம். ஆசிய முகத்தைப் பார்த்தவர்களுக்குப் புரிந்தது குறைவாக இருந்தது. குரல் ஒன்றேதான். ஆகவே புரியாமை முழுவதையும் உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். முதல் நாளே உங்கள் பெயரைப் பலகையில் எழுதி, எப்படிச் சொல்வது என்று காட்டுங்கள். அவர்கள் பெயர்களைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆபீஸ் ஹவர்ஸ் (மாணவர்கள் உங்களை நேரில் வந்து கேள்வி கேட்க ஒதுக்கிய நேரம்) என்றால் என்னவென்று விளக்குங்கள், புதிதாகச் சேர்ந்த பலருக்கு அது தெரியாது.

நான்காவது வாரம் பெயர் எழுதாத சீட்டில் இரண்டு கேள்வி கேளுங்கள்: எது உதவுகிறது, எதை மாற்ற வேண்டும். அன்றிரவே படியுங்கள். அடுத்த வகுப்பின் தொடக்கத்தில், "நீங்கள் எழுதியதைப் படித்தேன், இன்றிலிருந்து இதை மாற்றுகிறேன்" என்று ஒன்றைச் சொல்லி, அதைச் செய்யுங்கள்.